எவ்வளவு சம்பாதித்தால் நிம்மதி வரும்?

கேள்வி இதுதான்: "பத்து வருடத்தில் என் சம்பளம் மூன்று மடங்காகிவிட்டது. ஆனால் மனசுக்கு நிம்மதி வந்த மாதிரி தெரியவில்லை. பணத்துக்கும் மகிழ்ச்சிக்கும் உண்மையிலேயே தொடர்பு இருக்கிறதா? அர்த்தமுள்ள வாழ்க்கை வாழ எவ்வளவு பணம் வேண்டும்?"

தொடர்பு நிச்சயமாக இருக்கிறது. பணத்தால் மகிழ்ச்சியை வாங்க முடியாது என்று அடித்துச் சொல்பவர்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை. பெரும்பாலும் அவர்களுக்கு வாடகை பாக்கி இருக்காது. ஆனால் பணம் துன்பத்தைக் குறைப்பதில் கெட்டி, மகிழ்ச்சியைக் கூட்டுவதில் சுமார். வாழ்க்கைக்கு அர்த்தம் தருவதில் அதற்கு நேரடியாக வேலையே இல்லை. மறைமுகமாக ஒரு பெரிய வேலை இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன். இந்த மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிச் சம்பளத்தின் தலையில் வைத்துவிடுகிறோம். அது சுமக்க முடியாமல் தள்ளாடுகிறது.

முதலில் ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் இந்த விஷயத்தில் பாதி உண்மைகள்தான் அதிகம் சுற்றுகின்றன. டேனியல் கானமனும் ஆங்கஸ் டீட்டனும் அமெரிக்கர்களிடமிருந்து திரட்டிய நான்கரை லட்சம் பதில்களை அலசி, முடிவை 2010இல் வெளியிட்டார்கள். இருவரும் பொருளாதார நோபல் பெற்றவர்கள். குடும்ப வருமானம் ஆண்டுக்குச் சுமார் 75,000 டாலரைத் தாண்டிய பிறகு அன்றாட மனநிலை மேலும் உயரவில்லை என்பது அவர்கள் முடிவு. அதே ஆய்வில், 'என் வாழ்க்கை மொத்தத்தில் எப்படி இருக்கிறது' என்ற மதிப்பீடு மட்டும் வருமானத்தோடு ஏறிக்கொண்டே போனது. இந்த இரண்டாவது பாதியைப் பலர் சொல்வதே இல்லை. 2021இல் மாத்யூ கில்லிங்ஸ்வர்த், கைபேசியில் அவ்வப்போது கேள்வி அனுப்பி 33,000 பேருக்கு மேல் மனநிலையைப் பதிவு செய்து, அப்படியொரு உச்சவரம்பு இல்லை என்றார். முரண்பட்ட இரண்டு தரப்பும், பார்பரா மெல்லர்ஸை நடுவராக வைத்துக்கொண்டு, சேர்ந்து உட்கார்ந்து தரவுகளை மறுபடி பார்த்தார்கள். 2023இல் வந்த விடை சுவாரசியமானது. பெரும்பாலானவர்களுக்கு வருமானம் கூடக் கூட மகிழ்ச்சியும் கூடுகிறது. ஆனால் மகிழ்ச்சி மிகக் குறைவாக உள்ள கடைசி 15 முதல் 20 சதவீதம் பேருக்கு, சுமார் ஒரு லட்சம் டாலர் வரை ஏறிவிட்டு அங்கேயே நின்றுவிடுகிறது. உறவு முறிவு, இழப்பு, மனச்சோர்வு மாதிரியான துயரங்கள் ஒரு கட்டத்துக்கு மேல் பணத்துக்குக் கட்டுப்படுவதில்லை என்று அதைப் படிக்கலாம்.

சரி, கூடுகிறது என்றால் எவ்வளவு கூடுகிறது? இங்கேதான் நம் எதிர்பார்ப்பு உடைகிறது. வருமானம் கிட்டத்தட்ட நான்கு மடங்காக இருப்பதால் மனநிலையில் தெரியும் வித்தியாசம், வேலைநாளுக்கும் வார இறுதிக்கும் உள்ள வித்தியாசம் அளவுதான் என்று அவர்களே கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு தலைவலி உண்டாக்கும் பாதிப்பில் அது மூன்றில் ஒரு பங்குகூட வராது. இன்னொன்று, கணக்கு சதவீதத்தில் நடக்கிறது. 20 சம்பாதிப்பவருக்கு 20 கூடும்போது என்ன வருகிறதோ, அதே அளவு உணர 100 சம்பாதிப்பவருக்கு இன்னொரு 100 வேண்டும். உங்கள் சம்பளம் மூன்று மடங்கானதற்கு மனசு அப்படி ஒன்றும் துள்ளாததில் ஆச்சரியப்பட ஏதுமில்லை.

லாட்டரி விழுந்தவர்கள் ஒரு வருடத்தில் பழையபடி ஆகிவிடுவார்கள் என்ற கதையையும் கேட்டிருப்பீர்கள். அது 1978இல் வெறும் 22 வெற்றியாளர்களை வைத்துச் செய்த ஆய்வு. அதை இத்தனை வருடமாக வேதம் மாதிரி ஒப்பிப்பது எனக்குக் கொஞ்சம் எரிச்சல். சுவீடனில் 3,000க்கும் மேற்பட்ட லாட்டரி விளையாட்டுக்காரர்களைப் பல ஆண்டுகள் கழித்து விசாரித்த ஆய்வு 2020இல் வெளியானது. பெரிய பரிசு பெற்றவர்களின் வாழ்க்கைத் திருப்தி கூடியிருந்தது. பத்து ஆண்டு தாண்டியும் அது கரைந்துபோகவில்லை. அன்றாட மகிழ்ச்சியிலும் மனநலத்திலும் மட்டும் மாற்றம் மிகச் சிறியது. பணக்கவலை தீர்ந்ததால் வாழ்க்கை பரவாயில்லை என்று தோன்றுகிறது. ஆனால் செவ்வாய்க்கிழமை காலை பழைய செவ்வாய்க்கிழமை காலையாகவே விடிகிறது.

துன்பத்தைக் குறைப்பதில் பணம் கெட்டி என்றேன். அதற்கு நான் பார்த்ததில் மிக அழுத்தமான சான்று தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகளிடமிருந்து கிடைத்தது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவ் ஆகியோர் 464 விவசாயிகளுக்கு அறுவடைக்கு முன்பும் பின்பும் ஒரே மாதிரியான அறிவுத்திறன் சோதனைகள் வைத்து, முடிவுகளை 2013இல் வெளியிட்டார்கள். கரும்புக்குப் பணம் மொத்தமாக ஒரு தடவைதான் கைக்கு வரும். அதற்கு முந்தைய மாதங்களில் கடனும் அடகும் ஏறிக் கிடக்கும். அதே மனிதர், அதே மூளை. கை வறண்ட காலத்தில் தெளிவாகக் குறைந்த மதிப்பெண், பணம் வந்த பிறகு நல்ல மதிப்பெண். ஓர் இரவு முழுக்கத் தூங்காதவனின் மந்தத்தோடு அந்தச் சரிவை ஒப்பிட்டார்கள். பணக்கவலை மூளையில் பாதி இடத்தை அடைத்துக்கொள்கிறது. மிச்ச இடத்தில்தான் பிள்ளையோடு பேசவும் வேலையில் கவனம் செலுத்தவும் கடன் வாங்கலாமா வேண்டாமா என்று யோசிக்கவும் வேண்டியிருக்கிறது. ஏழைகள் தப்பான முடிவு எடுப்பதால்தான் ஏழையாக இருக்கிறார்கள் என்று பேசுபவர்கள் இந்த ஆய்வை ஒருமுறை படிக்கலாம்.

இது ஏழைகளுக்கு மட்டுமான விஷயமும் அல்ல. கை வறட்சி என்பது வருமானத்தின் அளவைவிட வரவுக்கும் கட்டாயச் செலவுக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பொறுத்தது. மற்றவர்களின் வரவு செலவைப் பார்த்து யோசனை சொல்லும் வேலையில் நான் அடிக்கடி காணும் ஒரு கணக்கைச் சொல்கிறேன். எளிதாக இருக்க மாத வருமானத்தை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவர் சம்பளம், நல்ல சம்பளம். முதல் தேதி 100 வருகிறது. மூன்றாம் தேதி வீட்டுக்கடன் தவணை 34 போகிறது. ஐந்தாம் தேதி கார் 11, தனிநபர் கடன் 9, தவணையில் வாங்கிய பொருள்கள் 6. ஏழாம் தேதி கிரெடிட் கார்டுக்குக் குறைந்தபட்சத் தொகை 5. ஒரு வாரம் முடிவதற்குள் 65 காலி. பிள்ளைகளின் படிப்புக்கு 12. மீதி 23இல் சாப்பாடு, மின்சாரம், போக்குவரத்து, பெற்றோரின் மருந்து எல்லாம். இருபதாம் தேதிக்கு மேல் கார்டைத் தேய்க்கிறார்கள்.

காகிதத்தில் பார்த்தால் இவர்கள் வசதியானவர்கள். வீடு இருக்கிறது, கார் இருக்கிறது, சொத்து மதிப்பு வருடா வருடம் ஏறுகிறது. ஆனால் ஒரு மாதச் சம்பளம் பத்து நாள் தாமதமானால் வீடே கிடுகிடுக்கும். மேலாளர் பத்துப் பேர் முன்னால் அவமானப்படுத்தினாலும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். சம்பளம் மூன்று மடங்காகியும் நிம்மதி வராத பலருடைய வங்கிக் கணக்கு இந்தச் சாயலில்தான் இருக்கிறது. உங்களுடையது எப்படி என்று எனக்குத் தெரியாது. கடந்த மூன்று மாதப் பரிவர்த்தனைகளை எடுத்து, எந்தத் தேதியில் எவ்வளவு மிச்சம் இருந்தது என்று மட்டும் ஒருமுறை பாருங்கள். எதற்குச் செலவழித்தோம் என்பதைவிட எந்தத் தேதியில் கை காலியாகிறது என்பது அதிகம் சொல்லும்.

பிரிட்டனில் 585 வங்கி வாடிக்கையாளர்களின் உண்மையான கணக்கு விவரங்களை வைத்து 2016இல் வந்த ஓர் ஆய்வும் இதையே காட்டுகிறது. வருமானம், முதலீடு, கடன் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும், உடனே எடுத்துச் செலவழிக்கக்கூடிய ரொக்கம் கணக்கில் எவ்வளவு கிடக்கிறது என்பது வாழ்க்கைத் திருப்தியோடு தனியாகத் தொடர்புபட்டிருந்தது. அதிலும் சும்மா கிடக்கும் முதல் கொஞ்சம் பணம் தரும் ஆறுதல்தான் மிக அதிகம். போகப் போகக் குறைகிறது. ஆறு மாதச் செலவுக்கான தொகையைச் சேர்க்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள், தப்பில்லை. ஆனால் ஆறு என்றதும் மலைத்துப் போய் ஒன்றும் செய்யாமல் இருப்பவர்களே அதிகம். முதல் ஒரு மாதச் செலவைச் சேர்த்துவிடுங்கள். நிம்மதியில் பெரும் பகுதி அங்கேயே கிடைத்துவிடும். வட்டி கம்மியாக வருகிறதே என்று அந்தப் பணத்தைப் பங்குச்சந்தையில் போடாதீர்கள்; அது சம்பாதிப்பதற்காக வைத்த பணமில்லை, நீங்கள் தூங்குவதற்காக வைத்தது.

கடன் விஷயத்தில் மனசின் கணக்கு வேறு, வட்டியின் கணக்கு வேறு. மாதம் 3 சதவீதம் என்றால் சின்னதாகத் தெரிகிறது. கட்டாமல் விட்டால் 24 மாதத்தில் கடன் இரட்டிப்பாகிவிடும். ஆகவே அதிக வட்டிக் கடனை முதலில் அடை என்பது அசைக்க முடியாத பாடம். ஆனால் சிங்கப்பூரில் நீண்ட காலமாகக் கடனில் இருந்த வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு ஒரு தொண்டு நிறுவனம் கடனை அடைக்க உதவியபோது, ஆய்வாளர்கள் முன்பும் பின்பும் அவர்களைச் சோதித்தார்கள். 2019இல் வந்த முடிவு: எத்தனை கடன் கணக்குகள் முழுசாக மூடப்பட்டன என்பதைப் பொறுத்தே பதற்றம் குறைந்தது, சிந்தனை தெளிந்தது. ஒவ்வொரு கடனும் தலைக்குள் தனித்தனியாக ஒரு குடைச்சல். என் யோசனை கலப்படமானது: ஓரிரண்டு சில்லறைக் கடன்களை முதலில் மூடிவிட்டு மூச்சு விடுங்கள், அப்புறம் வட்டி அதிகமானதன் மேல் பாயுங்கள்.

வரவுக்கும் கட்டாயச் செலவுக்கும் நடுவே உள்ள இடைவெளி ஏன் சுருங்குகிறது? சம்பளம் ஏற ஏறச் செலவும் ஏறுகிறது என்பது தெரிந்த கதை. அதற்குப் பின்னால் அக்கம்பக்கத்தைப் பார்க்கும் கண் இருக்கிறது. நெதர்லாந்தில் அஞ்சல் குறியீட்டு லாட்டரி என்று ஒன்று உண்டு. ஒரு தெருவின் குறியீட்டுக்குப் பரிசு விழுந்தால், அங்கே சீட்டு வாங்கியிருந்தவர்களுக்கெல்லாம் பணம் கிடைக்கும், புத்தம்புது பிஎம்டபிள்யூ காரும் கிடைக்கும். 2011இல் வெளியான ஓர் ஆய்வில் பரிசே பெறாத பக்கத்து வீட்டுக்காரர்களைப் பார்த்தார்கள். அவர்களும் வழக்கத்தைவிட அதிகமாகக் கார் வாங்கியிருந்தார்கள், தங்கள் சொந்தக் காசில்! இப்போது பக்கத்து வீடு என்பது உலகம் முழுக்க, கைபேசிக்குள். எல்லோருடைய விடுமுறையும் வீடும் தெரிகிறது, ஒருவருடைய தவணை அட்டவணையும் தெரிவதில்லை.

1998இல் வெளியான ஓர் ஆய்வுக்காக ஹார்வர்டில் ஒரு கேள்வி கேட்டார்கள். நீங்கள் 50,000 டாலர் வாங்க மற்றவர்கள் 25,000 வாங்கும் உலகம் வேண்டுமா, நீங்கள் 1,00,000 வாங்க மற்றவர்கள் 2,00,000 வாங்கும் உலகம் வேண்டுமா? ஏறக்குறைய பாதிப் பேர் முதலாவதைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் விடுமுறை நாள்களைப் பற்றிக் கேட்டபோது இந்தப் போட்டி காணாமல் போனது. அடுத்தவனுக்கு எத்தனை நாள் இருந்தால் என்ன, எனக்கு அதிகம் வேண்டும் என்றார்கள். நேரத்தை நாம் ஒப்பிட்டுப் பார்ப்பது குறைவு. அதனால் நேரத்துக்குச் செலவழிக்கும் பணம் சீக்கிரம் கசப்பதில்லை.

கனடாவில் ஆஷ்லி வில்லன்ஸ், எலிசபெத் டன் குழுவினர் வேலைக்குப் போகும் 60 பேருக்கு இரண்டு வார இறுதிகளில் ஆளுக்கு 40 டாலர் கொடுத்தார்கள். ஒரு வாரம் பொருள் வாங்க, ஒரு வாரம் நேரத்தை மிச்சப்படுத்த. நேரத்தை வாங்கிய நாளில்தான் மனநிலை நன்றாக இருந்தது. ஆனால் உங்களிடம் இப்படி 40 டாலர் வந்தால் என்ன செய்வீர்கள் என்று வேறு சிலரைக் கேட்டபோது, நேரத்தை மிச்சப்படுத்துவதைச் சொன்னவர்கள் 2 சதவீதம்தான்.

இங்கே உங்கள் சம்பளத்தை இன்னொரு விதமாகப் போட்டுப் பார்க்கச் சொல்வேன். மாதம் 160 மணி நேர வேலைக்கு 100 சம்பளம் என்று வையுங்கள். போய்வர 50 மணி நேரம். அந்த வேலைக்காகவே ஆகும் பயணம், உடை, களைப்பில் வெளியே வாங்கிச் சாப்பிடுவது எல்லாம் 15. ஆக 210 மணி நேரத்துக்கு 85. மணிக்கூலி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறங்கிவிடுகிறது. கூடுதல் சம்பளம் என்று தூரத்து வேலைக்கு மாறுவதற்கு முன் இதைப் போட்டுப் பார்ப்பது நல்லது. ஜெர்மனியில் நீண்ட பயணம் செய்து வேலைக்குப் போகிறவர்களின் வாழ்க்கைத் திருப்தி குறைவாக இருந்தது. சம்பளமோ வீட்டு வசதியோ அதை ஈடுகட்டவில்லை என்று ஸ்டட்சரும் ஃப்ரேயும் காட்டியிருக்கிறார்கள். பொருளைவிட அனுபவத்துக்குச் செலவழி, பிறருக்காகக் கொஞ்சம் செலவழி என்பவையும் நல்ல யோசனைகள்தான், அவற்றுக்கும் ஆதாரம் உண்டு. ஆனால் கடன் வாங்கிச் சுற்றுலா போகிறவருக்கு அனுபவத்தோடு தவணையும் சேர்ந்து வரும்.

இப்போது அர்த்தத்துக்கு வருவோம். ராய் பாமைஸ்டரும் மூவரும் சுமார் 400 அமெரிக்கர்களை வைத்துச் செய்து 2013இல் வெளியிட்ட ஆய்வில் மகிழ்ச்சியும் அர்த்தமும் பல இடங்களில் பிரிந்து போயின. பணத் தட்டுப்பாடு மகிழ்ச்சியை நன்றாகவே அடித்தது. அர்த்தத்தை அவ்வளவாகத் தொடவில்லை. பெறுவது மகிழ்ச்சியோடும், கொடுப்பது அர்த்தத்தோடும் சேர்ந்திருந்தன. தன் வாழ்க்கை அர்த்தமுள்ளது என்றவர்களுக்குக் கவலையும் மன அழுத்தமும் கூடவே இருந்தன. 132 நாடுகளின் தரவை வைத்து ஒயிஷியும் டீனரும் 2014இல் எழுதியபோதும், ஏழை நாடுகளில்தான் அதிகம் பேர் தங்கள் வாழ்வுக்கு அர்த்தம் உண்டு என்றார்கள். சமயப் பற்று அதற்கு முக்கியக் காரணமாகத் தெரிந்தது. இதைப் பிடித்துக்கொண்டு வறுமையைப் புகழ ஆரம்பிப்பவர்கள், அதே மக்கள் தங்கள் வாழ்க்கைத் திருப்தியைப் பற்றி என்ன சொன்னார்கள் என்றும் பார்க்க வேண்டும்: அது பணக்கார நாடுகளில்தான் அதிகம்.

அப்படியானால் பணத்துக்கு இதில் என்ன வேலை? அர்த்தம் தருகிற காரியங்களை எழுதிப் பாருங்கள். படுக்கையில் கிடக்கும் அம்மாவைப் பார்த்துக்கொள்வது. பிள்ளையைப் பக்கத்தில் இருந்து வளர்ப்பது. சம்பளம் குறைவானாலும் மனசுக்குப் பிடித்த வேலைக்கு மாறுவது. காசு வாங்காமல் யாருக்காவது சொல்லிக்கொடுப்பது. அநியாயம் நடக்கும் இடத்தில் 'நான் செய்ய மாட்டேன்' என்று எழுந்து வருவது. கணக்குப் புத்தகத்தில் இவை அத்தனையும் செலவுப் பக்கத்தில்தான் வரும். செலவைத் தாங்கும் சக்தி இருந்தால் செய்யலாம். அந்தச் சக்திதான் பணம் செய்யும் மறைமுகமான வேலை.

ஒரு கணக்கு பாருங்கள். இருவர் 100 சம்பாதிக்கிறார்கள். ஒருவர் 75இல் குடும்பம் நடத்துகிறார், இன்னொருவர் 98இல். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து, வாரத்தில் ஒரு நாள் வேலையைக் குறைத்துக்கொள்ள வேண்டும், சம்பளம் 80 ஆகும் என்று வையுங்கள். முதலாமவர் கடிதம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம், அப்போதும் 5 மிச்சம். இரண்டாமவர் பாசத்தில் எந்தக் குறையும் இல்லாதவர். ஆனால் காசு கொடுத்து ஆள் வைக்கத்தான் முடியும், கூட இருக்க முடியாது. வட்டியைக் கணக்கில் சேர்க்காமல் பார்த்தால், வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு சேமிப்பவர் ஒரு வருடம் சும்மா இருக்க ஒன்பது வருடம் உழைக்க வேண்டும். கால் பங்கு சேமிப்பவருக்கு மூன்று வருடம் போதும். பாதி சேமித்தால் ஒன்றுக்கு ஒன்று.

எவ்வளவு இருந்தால் போதும் என்ற கேள்விக்கு நிதி ஆலோசகர்கள் அடிக்கடி தரும் எண் ஆண்டுச் செலவின் 25 மடங்கு. வில்லியம் பெங்கன் 1994இல் அமெரிக்கச் சந்தையின் பழைய வரலாற்றைப் போட்டுப் பார்த்து, சேமிப்பில் முதல் வருடம் 4 சதவீதம் எடுத்து, பின்பு விலைவாசிக்கேற்பக் கூட்டிக்கொண்டே போனாலும் 30 வருடமாவது தாங்கும் என்று கண்டதிலிருந்து வந்தது அது. வேறு நாட்டின் சந்தைக்கும் விலைவாசிக்கும் அப்படியே பொருந்தாது. ஓய்வுக்காலத் திட்டத்துக்கு அது ஒரு தொடக்கப் புள்ளி, அவ்வளவே. நிம்மதியாக வாழ 25 மடங்கு சேரும் வரை காத்திருக்க வேண்டும் என்று நினைத்தால், நாற்பது வயது முழுக்கக் காத்திருப்பிலேயே போய்விடும். மூன்று மாதச் செலவு கையில் இருந்தாலே மேலாளரிடம் உங்கள் குரல் மாறும். ஒரு வருடச் செலவு இருந்தால் வேலையை மாற்றிப் பார்க்கும் துணிச்சல் வரும்.

அடுத்த சம்பள உயர்வு வரும்போது ஒன்று செய்யுங்கள். அது கணக்கில் விழும் அன்றே பாதி வேறு கணக்குக்குத் தானாகப் போகும்படி வைத்துவிடுங்கள். மீதிப் பாதியைத் தாராளமாகச் செலவழியுங்கள். உழைத்ததற்கு ஏதாவது அனுபவிக்க வேண்டும், வெறும் கட்டுப்பாட்டில் யாரும் நீண்ட காலம் ஓடியதில்லை. அந்தச் சேமிப்புக்கு ஒரு பெயர் வையுங்கள். 'அம்மாவோடு ஒரு வருடம்' என்றோ 'தச்சு வேலை கற்க' என்றோ பெயர் இருந்தால் அதில் கை வைக்க மனசு வராது. பெயரே தோன்றவில்லை என்றால் உங்கள் சிக்கல் பணத்தில் இல்லை. இன்னும் அதிகமாகச் சேமித்து அதைத் தீர்க்க முடியாது.

இவ்வளவும் வரவு கட்டாயச் செலவைத் தாண்டுகிறவர்களுக்குத்தான். வாடகையும் சாப்பாடும் மருந்துமே 100ஐத் தாண்டுகிற வீட்டில் போய்ச் சேமிப்பைப் பற்றிப் பேசுவது அவமானப்படுத்துவது மாதிரி. அங்கே தேவை கூடுதல் வருமானம், அரசு உதவி, கடன் கொடுத்தவரிடம் பேசித் தவணையைச் சம்பளத் தேதிக்குப் பக்கத்தில் மாற்றிக்கொள்வது, இருப்பதில் மிகச் சின்னக் கடன் ஒன்றை மூடுவது. தலைக்குள் ஒரு குடைச்சல் குறைந்தால் அடுத்ததை யோசிக்க இடம் கிடைக்கும். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அந்த நிலையில் இல்லை என்று நினைக்கிறேன். இருந்தால் சொல்லுங்கள், அதற்கான வழிகள் வேறு, தனியாக எழுதுகிறேன்.